சாதி கேட்காத ஓர் அறை

மேற்கு மாம்பலத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். பெரும்பாலோருக்கு அது தெரியாது. மாநகராட்சி வாங்கும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே வசூலாகிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. வீட்டுக்காரர் தான் கட்டும் வரியை வாடகையில்தான் ஈடுகட்டுகிறார். ஆகவே அந்த 10 காசில் வாடகைக்குக் குடியிருக்கும் என் பங்கும் இருக்கிறது. மொட்டை மாடி ஒற்றை அறையில் நான்கு பேராகத் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன்களின் பங்கும் இருக்கிறது.

இதே மேற்கு மாம்பலத்தின் தெருக்களில் 'டூ-லெட்' பலகைகள் தொங்குகின்றன. 'வெஜிடேரியன் மட்டும்' என்று சிலவற்றில் எழுதியிருக்கும். எழுதாத இடங்களில் தொலைபேசியில் கேட்பார்கள். முழுப் பெயர் என்ன, அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, வீட்டில் என்ன சமைப்பீர்கள். வீடு தேடி அலைந்த நாட்களில் இந்தக் கேள்விகளை எந்த வரிசையில் கேட்பார்கள் என்பதே எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'சாதி என்ன' என்று நேராகக் கேட்டவர்கள் குறைவு. கேட்காமலேயே தெரிந்துகொள்ளும் வித்தை இங்கே பலருக்குக் கைவந்திருக்கிறது. தலித்துக்கும் இஸ்லாமியருக்கும் இந்தக் கேள்விகளுக்குப் பிறகு வீடு 'நேற்றே முடிந்துவிட்டது' ஆகிவிடும்.

இப்படி வடிகட்டப்பட்ட வீடுகளிலிருந்து வசூலாகும் வரி, யாரையும் வடிகட்டக் கூடாத ஓர் அறைக்குப் போகிறது. அதுதான் கிளை நூலகம். பெயரைக் கேட்காமல், தெருவைக் கேட்காமல், உணவைக் கேட்காமல், ஒரு பொருளும் வாங்கச் சொல்லாமல் மின்விசிறியின் கீழே நான்கு மணி நேரம் உட்கார விடும் வேறோர் இடத்தை இந்த நகரத்தில் காட்டுங்கள். கோயில் கேட்கும், காபிக் கடை பில் போடும். நூலகங்களை நவீனப்படுத்தி நாட்டை வளர்ப்பது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை நான் இந்த அறையிலிருந்துதான் தொடங்க விரும்புகிறேன்.

தங்க அறை கிடைக்காதவனுக்குப் படிப்பு கிடைக்காது என்பது நம் இயக்கத்தின் பழைய பாடம். மாம்பலம் ரயில் நிலையத்தின் மறுபக்கம், தியாகராய நகரில், நடேசன் பூங்கா இருக்கிறது. டாக்டர் சி. நடேச முதலியார் 1916-ல் திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற மாணவர் விடுதியைத் தொடங்கினார். வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்கு அன்று தங்கவும் சாப்பிடவும் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. விடுதிகளும் உணவகங்களும் சாதி பார்த்தே இடம் கொடுத்தன. பிற்காலத்தில் நீதிக்கட்சி என்று வளர்ந்த அரசியலின் வேர்களில் ஒன்று, படிக்க வந்தவனுக்கு ஓர் அறை வேண்டும் என்ற இந்தத் தேவை. பக்கத்துச் சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கும் மாணவர் விடுதியும் அதே தேவையைச் சொல்வதுதான். ஒரு நூறாண்டு கழித்தும் டூ-லெட் பலகை மாறவில்லை என்றால், பொது அறைகளின் தேவையும் குறையவில்லை என்றே பொருள்.

அறை பாதிக் கதை. மீதிப் பாதி, தகவல்.

சாதியை நாம் வழக்கமாகத் தீட்டு, திருமணம், வன்முறை என்ற வகைகளில் பேசுகிறோம். அன்றாட வாழ்க்கையில் சாதி ஒரு தகவல் வலைப்பின்னலாகவும் வேலை செய்கிறது. மேற்கு மாம்பலத்தின் ஒரு பழைய குடும்பத்தில் பிறந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். ஒரு மாமா வங்கியில் இருப்பார். ஒரு சித்தப்பா ஆடிட்டர். அத்தை பிள்ளை அமெரிக்காவில் இருப்பான். எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும், விண்ணப்பம் எப்போது வரும், எந்த நுழைவுத் தேர்வுக்கு எந்தப் புத்தகம், நேர்காணலில் என்ன கேட்பார்கள், விசா வாங்க யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் சாப்பாட்டு மேசையிலேயே காதில் விழும். அந்தப் பிள்ளை அதைத் தகவல் என்றுகூட எண்ணுவதில்லை. பிறகு அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறார்கள்.

அதே வட்டாரத்தில் துப்புரவுப் பணியாளரின் மகளுக்கு அந்த மாமா இல்லை. கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் முடிந்த மறுநாள்தான் அப்படி ஒன்று இருப்பதே தெரியவரும். அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. தலித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் தரும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. தாட்கோ இருக்கிறது. இவை யாருக்காகத் தீட்டப்பட்டனவோ அவர்களில் எத்தனை பேருக்கு நேரத்தில் தெரிகிறது? தெரிந்தவர்களும் ஏதோ ஒரு பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து, யாரோ தட்டச்சு செய்த பிழையான விண்ணப்பத்தோடு நிற்கிறார்கள்.

இல்லாத அந்த மாமாவின் வேலையைச் செய்ய அரசு வைத்திருக்கும் ஒரே பொது அமைப்பு நூலகம். 'நூலக மற்றும் தகவல் சேவை' என்று பாடப்புத்தகத்தில் படிக்கும் வறண்ட சொல்லுக்கு நான் கொடுக்கும் பொருள் இதுதான். வலைப்பின்னல் இல்லாத குடும்பங்களுக்குப் பொதுச் செலவில் ஒரு வலைப்பின்னல்.

இதற்கான சட்டம் நம்மிடம் முதலில் வந்தது. 1948-ல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம்தான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். நூலகத்துக்கென்று தனி வரி, அதை நிர்வகிக்க மாவட்டந்தோறும் நூலக ஆணைக்குழு என்ற ஏற்பாடு அதில் வந்தது. இன்று தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எல்லாம் சேர்த்து சுமார் 4,600 இருக்கின்றன. வட மாநிலங்களில் நூலகச் சட்டமோ நூலக வரியோ இல்லாத இடங்களோடு ஒப்பிட்டால் இது சாதனை. அதை நாம் மறுக்க வேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தின் பின்னால் இருந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-ல் வெளிவந்த அவரது நூலக விதிகள் உலகம் முழுக்கப் பாடமாக இருக்கின்றன. நூல் பூட்டி வைப்பதற்காக இல்லை, பயன்படுவதற்காக இருக்கிறது என்பது முதல் விதியின் சாரம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவதன் சாரம். எழுத்தையே பூட்டி வைத்து ஆண்ட ஒரு சமூகத்தில் இவை ஜனநாயக விதிகள்தான். நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி. வாசகர் ஆவதற்கே தடுக்கப்பட்டவர் நூலக வாசல் வரை எப்படி வருவார்?

அந்த வாசலைத் திறந்தவர் யார் என்பதையும் நூலகவியல் மாணவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றை எந்தச் சாதியாரும் பயன்படுத்தத் தடை இல்லை என்று அரசு அறிவிக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அரசு அதை ஏற்று ஆணை வெளியிட்டது. 'பொது' என்ற சொல்லில் நாமும் உண்டு என்பதைச் சட்டமன்றத்தில் போராடி எழுத வைக்க வேண்டியிருந்தது. பொது நூலகம் என்ற பெயரின் முதல் பாதிக்கு உரியவர்கள் அவரைப் போன்றவர்கள்.

நவீன நூலகம் மட்டும் வந்துவிட்டால் சாதி தானாக விலகிவிடுமா? பரோடாவைப் பாருங்கள். மன்னர் சாயாஜிராவ் 1910-ல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்ற நூலகரை வரவழைத்து, இந்தியாவிலேயே முன்னோடியான பொது நூலக அமைப்பை அங்கே உருவாக்கினார். ஊர் ஊராகப் புத்தகப் பெட்டிகள் போயின. அதே பரோடாவுக்கு 1917-ல் ஒரு இளைஞர் வேலைக்கு வந்தார். அதே மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு வந்தவர். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். கண்டுபிடித்தவர்கள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். நண்பர்களும் வீடு தரத் தயங்கினார்கள். கடைசியில் ஒரு பொதுப் பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார். அவர்தான் பாபாசாகேப் அம்பேத்கர். பின்னாளில் பம்பாய் தாதரில் அவர் கட்டிய ராஜகிருகத்தில் மனிதர்களுக்கான இடத்தைவிடப் புத்தகங்களுக்கான இடத்தைப் பற்றியே அதிகம் யோசித்தார் என்று சொல்வார்கள். சொந்தமாக அறை கிடைத்ததும் முதலில் நூலகம் அமைத்த மனிதர் அவர்.

பரோடாவிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் இது. ஒரு நாட்டில் மிகச் சிறந்த நூலகமும் மிகக் கொடிய தீண்டாமையும் ஒரே ஊரில், ஒரே ஆண்டில் இருக்க முடியும். நவீனம் வேறு, விடுதலை வேறு. இரண்டையும் சேர்த்து வைப்பது நம் கையில் இருக்கிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். 1961 மார்ச் 27 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில், தூகலூ கல்லூரியைச் சேர்ந்த ஒன்பது கறுப்பின மாணவர்கள், வெள்ளையர்களுக்கு மட்டுமான நகராட்சி நூலகத்துக்குள் போனார்கள். கறுப்பர்களுக்கான நூலகத்தில் இல்லாத புத்தகங்களைத் தேடி எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து படித்தார்கள். காவல்துறை வந்து கைது செய்தது. அவர்கள் கல் எறியவில்லை, முழக்கம்கூட எழுப்பவில்லை. உட்கார்ந்து படித்தார்கள். நூலக நாற்காலியில் யார் உட்காரலாம் என்பது அரசியல் கேள்வி என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே நவீனம் என்றதும் எல்லார் மனதிலும் வருவது பெரிய கட்டடங்கள். 2010 செப்டம்பர் 15 அன்று கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஆட்சி மாறியதும் அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் அது பிழைத்தது. 2023 ஜூலை 15 அன்று மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் வந்தது. மற்ற பெரு நகரங்களுக்கும் இப்படி அறிவிப்புகள் வந்திருக்கின்றன. இவற்றை வீண் செலவு என்று சொல்பவர்களோடு நான் இல்லை. கோட்டூர்புரத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கும் பகுதியில் ஒரு காலை நேரம் போய்ப் பாருங்கள். முதல் தலைமுறைப் பட்டதாரிகள் அங்கே இடம்பிடிக்கும் வேகம், இந்த மாநிலத்தில் ஒரு நாற்காலிக்கு எவ்வளவு பசி இருக்கிறது என்பதைச் சொல்லும்.

ஆனால் பெரிய நூலகம் தனியாகப் பயணம் செய்ய முடிந்தவருக்கான நூலகம். மேற்கு மாம்பலத்தில் வீட்டு வேலை செய்யும் அம்மாவின் பதின்மூன்று வயது மகளை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி விட்டு வந்து, தம்பியைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் பிடித்து வைத்து, மிச்சம் ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பேருந்து பிடித்துக் கோட்டூர்புரம் போய்த் திரும்ப முடியாது. வீட்டிலிருந்தும் விட மாட்டார்கள். அவளுக்கு நூலகம் என்றால் தம்பியையும் கூட்டிக்கொண்டு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். பெண்களுக்குக் கழிப்பறை இருக்க வேண்டும். இருட்டிய பிறகும் திறந்திருக்க வேண்டும், வெளிச்சம் இருக்க வேண்டும். இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் அவளைப் பொறுத்தவரை நூலகம் நவீனமானது. கண்ணாடிச் சுவரும் நகரும் படிக்கட்டும் அதற்குப் பிறகு.

1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தின் அதிநவீன நூலக சேவை அதுதான் என்று நான் சொல்வேன். வாசகர் வர முடியாத இடத்துக்கு நூலகம் போயிற்று.

கட்டடத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நமக்கு அனுபவம் இருக்கிறது. 2006-க்குப் பிறகு அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிகள்தோறும் நூலகங்கள் கட்டப்பட்டன. அருமையான யோசனை. ஆனால் முழுநேர நூலகர் இல்லை, புதிய புத்தகங்கள் தொடர்ந்து வரவில்லை. பல ஊர்களில் அவை பூட்டிக் கிடந்தன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் கிராமங்களில் பொதுக் கட்டடம் எங்கே எழும்புகிறது? பெரும்பாலும் ஊர்த் தெருவில். காலனிப் பிள்ளை அங்கே போய்ப் புத்தகம் எடுக்க வேண்டுமானால், தன்னை முறைத்துப் பார்க்கும் திண்ணைகளைத் தாண்டிப் போக வேண்டும். நூலகத்தின் முகவரியே சாதியைச் சொல்லிவிடுகிறது.

நகரத்துக் கிளை நூலகத்தில் திண்ணை இல்லை. வேறு திண்ணைகள் இருக்கின்றன. நான் உறுப்பினராகச் சேரப் போன ஒரு கிளை நூலகத்தில், அரசு ஊழியர் ஒருவரிடம் ஜாமீன் கையெழுத்து வாங்கி வரச் சொன்னார்கள். கையெழுத்துப் போடும் அளவுக்குப் பழகிய அரசு ஊழியர் எந்தக் குடும்பங்களுக்கு இருக்கிறார்? எந்தக் குடும்பங்களுக்கு இல்லை? யாரும் சாதி கேட்கவில்லை. விண்ணப்பப் படிவமே அந்த வேலையைச் செய்துவிட்டது. ஆதார் இருக்கிறது, கல்லூரி அடையாள அட்டை இருக்கிறது. ஒரு புத்தகத்தை நம்பிக் கொடுக்க இவை போதாதா?

'எல்லாம் செல்போனில் இருக்கிறதே, நூலகம் எதற்கு' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. 2017-18-ல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, இந்திய நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 விழுக்காட்டிடமும் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 விழுக்காட்டிடமும்தான் கணினி இருந்தது. அதன் பிறகு செல்போன் பெருகியது உண்மை. ஆனால் ஐந்து பேர் பகிரும் ஒரு செல்போனில், ரீசார்ஜ் தீரும் முன், ஆறு அங்குலத் திரையில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கவோ விண்ணப்பத்தில் சான்றிதழ்களைப் பதிவேற்றவோ முயன்றவர்களுக்குத் தெரியும், செல்போனும் கணினியும் ஒன்றில்லை என்று. அமைதியான அறையை எந்தச் செயலியும் தருவதில்லை.

இன்னும் முக்கியமாக, நல்ல தகவல் இலவசமாக இணையத்தில் கிடப்பதில்லை. ஒன்றிய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்கள். அரசு உயர்கல்வி நிறுவனங்களும் ஒன்றிய அரசின் ஆய்வு நிறுவனங்களுமாக 6,300-க்கும் மேற்பட்டவை பயன்பெறும், சுமார் 1.8 கோடி மாணவர்களும் ஆசிரியர்களும் படிக்கலாம் என்றார்கள். தேச வளர்ச்சிக்கான பெரிய பாய்ச்சல் என்றார்கள். இருக்கலாம். அந்தப் பட்டியலில் பொது நூலகம் இல்லை. நாம் எல்லாரும் கொடுத்த வரியில் வாங்கிய அறிவு, கல்லூரி வளாகத்தின் சுவரோடு நின்றுவிடுகிறது. படிப்பை முடித்துவிட்டு வேலை தேடும் இளைஞர், கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றவர், சாக்கடைக்குள் இறந்த தொழிலாளிக்காக மருத்துவ ஆதாரம் தேடும் வழக்கறிஞர், ஊரின் நிலத்தடி நீரைப் பற்றி எழுத விரும்பும் ஆர்வலர் ஆகிய யாருக்கும் அதில் இடமில்லை. ஒவ்வொரு கிளை நூலகத்திலும் இரண்டு கணினிகளில் இந்த ஆய்விதழ்களைத் திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையை நாம்தான் எழுப்ப வேண்டும். வேறு யாரும் எழுப்பப்போவதில்லை.

தமிழில் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதும் அப்படித்தான் கிடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017-ல் தொடங்கிய மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக ஏற்றப்பட்டிருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அரிய அச்சு நூல்களைப் பாதுகாக்கிறது. இப்படி ஒன்று இருக்கிறது என்று கிளை நூலகத்துக்கு வரும் பிள்ளைக்கு எடுத்துக் காட்ட ஒரு திரையும், சொல்லித்தர ஒரு நூலகரும் வேண்டும். தாங்குகளையும் பார்க்க வேண்டும். அம்பேத்கரின் பேச்சும் எழுத்தும் தமிழில் 37 தொகுதிகளாக வந்திருக்கின்றன. உங்கள் கிளை நூலகத்தில் எத்தனை தொகுதிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அயோத்திதாசர் இருக்கிறாரா? பாமாவின் 'கருக்கு' இருக்கிறதா? ராஜ் கௌதமன் இருக்கிறாரா? ஜோதிடத்துக்கும் ஆன்மிகத்துக்கும் எத்தனை தாங்குகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எண்ணுங்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பார்கள். பணம் நாம் கட்டியதுதான். மாநகராட்சி நூலக வரியை வசூலித்துக்கொண்டு, நூலக ஆணைக்குழுவுக்கு முழுமையாகத் தராமல் நிலுவை வைப்பது பலமுறை செய்தியாகியிருக்கிறது. நூலகத்துக்கென்றே வாங்கிய காசு மாநகராட்சியின் வேறு செலவில் கரைகிறது. யாரும் தெருவில் இறங்கவில்லை.

மேற்கு மாம்பலத்துக்குத் தெருவில் இறங்கத் தெரியாது என்று எண்ண வேண்டாம். 2022 ஏப்ரலில் இந்து சமய அறநிலையத் துறை அயோத்தியா மண்டபத்தைத் தன் பொறுப்பில் எடுக்க வந்தபோது ஆரிய கவுடா சாலையில் பெரும் போராட்டம் நடந்தது. அந்தச் சாலையின் பெயரே நீலகிரியின் படகர் சமூகத் தலைவர் ஆரி கவுடருடையது என்பது வேறு கதை. அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் துறையின் ஆணையை ரத்து செய்தது. அந்த மண்டபம் யாருடையது என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. தங்களுடையது என்று ஒரு கூட்டம் உணர்ந்த அறைக்காக அது தெருவுக்கு வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். சட்டப்படியே நம்முடையதான, நம் வரியில் நடக்கும் அறைக்காக நாம் என்றைக்காவது வந்திருக்கிறோமா?

வர வேண்டும். வரும்போது கையில் தெளிவான கோரிக்கைகள் வேண்டும். என்னுடையவை இவை.

நூலக வரியாக ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு வசூலானது, நூலக ஆணைக்குழுவுக்கு எவ்வளவு போனது என்பதை வார்டு வாரியாக மாநகராட்சி வெளியிட வேண்டும். கிளை நூலகங்கள் இரவு ஒன்பது மணி வரை, ஞாயிறு உட்படத் திறந்திருக்க வேண்டும். ஜாமீன் கையெழுத்து எங்கெல்லாம் கேட்கப்படுகிறதோ அங்கெல்லாம் அது ஒழிய வேண்டும். ஒவ்வொரு நூலகத்திலும் படிப்பு முடித்த, முழுநேர, நிரந்தர நூலகர் வேண்டும். அந்த நியமனங்களில் இட ஒதுக்கீடு ஒரு இடம் பிசகாமல் நிறைவேற வேண்டும். பெருக்கும் அம்மாவுக்கும் நிரந்தர ஊதியம் வேண்டும். அவர் பிள்ளைக்கு அங்கேயே படிக்க ஒரு நாற்காலியும் வேண்டும். சாய்தளமும் பிரெய்ல் நூல்களும் தலைமை நூலகத்தோடு நின்றுவிடக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு தகவல் மேசை. உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், தாட்கோ கடன், டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு, தகவல் அறியும் உரிமை மனு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கும் முறை என எதைக் கேட்டாலும் உட்கார வைத்துச் சொல்லி, கணினியில் விண்ணப்பிக்க உதவும் ஒருவர். ஆளில்லாத குடும்பங்களுக்கு அரசு கொடுக்கும் மாமா.

இதற்கு வழிகள் உண்டு. நம் நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு இருக்கிறது. பல இடங்களில் ஓய்வுபெற்றவர்களின் சொற்பொழிவு மேடையாக அது சுருங்கியிருக்கிறது. இளைஞர்கள் உள்ளே போக வேண்டும். கேரளத்தில் 1945-லிருந்து வளர்ந்த கிரந்தசாலை இயக்கத்தில், ஊர் மக்களே நூலகத்தைத் தொடங்கி, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு மூலம் நடத்துகிறார்கள். அரசு மானியம் தருகிறது. நம் சுயமரியாதை இயக்கமும் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகம் நடத்தியது. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் நாளிதழை உரக்க வாசிக்க, தெரியாத இருபது பேர் கேட்டு அரசியலானார்கள். அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டு 'தகவல் சமூகம்' பற்றிப் பேசுவது வெட்கம்.

அரசமைப்பு அவையில் 1949 நவம்பர் 25 அன்று பேசியபோது, ஆயிரக்கணக்கான சாதிகளாகப் பிரிந்து கிடக்கும் மக்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று அம்பேத்கர் கேட்டார். தேச வளர்ச்சி என்ற சொல்லை யார் உச்சரித்தாலும் நான் அந்தக் கேள்வியை வைத்தே அளப்பேன். வேறு வேறு தெருக்களிலிருந்து வந்தவர்கள் ஒரே மேசையில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்காமல் படிக்கும் நேரம் எத்தனை மணி? அந்தக் கணக்கு கூடினால் தேசம் வளர்கிறது.

வேலை இந்த வாரமே தொடங்கலாம். வெள்ளைத் தாளில் ஒரு தகவல் அறியும் உரிமை மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் வார்டில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலகத்துக்குச் சேர்ந்தது எவ்வளவு என்று மாநகராட்சியைக் கேளுங்கள். பதில் வந்ததும் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு எடுத்துப் போங்கள். தனியாகப் போக வேண்டாம். நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.